கணக்கில் வராத ஆர்.பி.எம்.

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரு பழைய சண்டையைப் பத்திப் பேசப் போறோம். பெரிய இன்ஜினுக்கும் சின்ன இன்ஜினுக்கும் நடந்த சண்டை. இடம் அமெரிக்கா. காலம் 1950-களின் நடுவுல இருந்து 1970-களின் தொடக்கம் வரைக்கும். களம், கால் மைல் நீளத்துக்கு ஒரு நேர் ரோடு. அதாவது 402 மீட்டர்.

டிராக் ரேஸ் தெரியாதவங்களுக்கு ஒரு வரியில சொல்லிடறேன். ரெண்டு கார் பக்கத்துல பக்கத்துல நிக்கும். லைட் எரிஞ்சதும் கிளம்பணும். கால் மைலை யார் முதல்ல கடக்குறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. வளைவு கிடையாது, பிட் ஸ்டாப் கிடையாது. அங்கே தெருவுல ரேஸ் விட்டுட்டிருந்த பசங்களை ஒரு ஒழுங்குக்குள்ள கொண்டு வரணும்னு 1951-ல வாலி பார்க்ஸ் ஆரம்பிச்சதுதான் தேசிய ஹாட் ராட் சங்கம், சுருக்கமா என்.எச்.ஆர்.ஏ.

சங்கம்னு வந்துட்டா விதிமுறைன்னு ஒண்ணு வரும்ல? ஒரு சின்னக் காரையும் பெரிய இன்ஜின் வச்ச காரையும் மோத விட்டா நியாயமா இருக்காது. அதனால வகுப்பு பிரிச்சாங்க. எப்படிப் பிரிச்சாங்கன்னா, பெரும்பாலும் ரெண்டே விஷயத்தை அளந்தாங்க. காரோட எடை ஒண்ணு, இன்ஜினோட கொள்ளளவு ஒண்ணு. நாம சி.சி.ன்னு சொல்றதை அவங்க கியூபிக் இஞ்ச்ல சொல்லுவாங்க.

அந்த அளவுகள்ல இல்லாத மூணாவது ஒண்ணு இருந்துச்சு. இன்ஜின் எவ்வளவு வேகமாச் சுத்துது, அதாவது ஆர்.பி.எம். அதுக்கு விலை போடவே இல்ல. இன்னைக்கு எபிசோட் முழுக்க அந்த ஓட்டையைப் பத்தித்தான். ஒரு சிஸ்டம்ல எதை அளக்காம விடறோமோ, புத்திசாலிங்க அங்கேதான் போய் உட்காருவாங்க. கோட் எழுதுற என்னை மாதிரி ஆளுங்களுக்கு இது நல்லாவே தெரியும்.

அண்டாவும் சொம்பும்

முதல்ல அடிப்படை. இன்ஜின்ங்கிறது ஒரு காத்து பம்ப். எவ்வளவு காத்து உள்ளே போகுதோ அதுக்குத் தகுந்த பெட்ரோலை எரிக்கலாம், அதுக்குத் தகுந்த பவர் வரும். அண்டாவுல தண்ணி நிரப்பணும்னு வைங்க. பெரிய குடத்தால மெதுவா ஊத்தலாம், சின்ன சொம்பால வேகமா மொண்டு மொண்டு ஊத்தலாம். கை ஓடுற வேகத்தைப் பொறுத்து சொம்பும் குடத்துக்குச் சமமா நிக்கும்.

இதையே ஃபார்முலாவாச் சொன்னா, டார்க்கை ஆர்.பி.எம்.மால பெருக்கி 5,252-ஆல வகுத்தா குதிரைசக்தி. டார்க் பவுண்டு-அடியில இருக்கணும், அவ்வளவுதான். சின்ன இன்ஜினுக்கு டார்க் கம்மியாத்தான் இருக்கும். ஆனா ஆர்.பி.எம்.மை ஏத்துனா பவர் ஏறும்.

எண் போட்டுப் பாப்போம். அந்தக் காலத்துப் பெரிய பூதம்னா கிரைஸ்லரோட 426 ஹெமி. 426 கியூபிக் இஞ்ச், கிட்டத்தட்ட 7 லிட்டர். அதுக்கு எதிரா 331 கியூபிக் இஞ்ச் இன்ஜின், ஏறக்குறைய 5.4 லிட்டர். ஹெமி 6,600 ஆர்.பி.எம்.ல சுத்தும்போது விழுங்கக்கூடிய காத்தை, 331 இன்ஜின் 8,500-ல சுத்தினா விழுங்கிடும். 426-ஐ 6,600-ஆலயும், 331-ஐ 8,500-ஆலயும் பெருக்கிப் பாருங்க, ரெண்டும் 28 லட்சத்துச் சொச்சம் வரும்.

அப்போ எல்லாரும் சின்ன இன்ஜினையே சுத்த விட்டுட்டுப் போயிருக்கலாமே? அங்கேதான் இயற்பியல் பில் நீட்டும்.

சுத்துறதுக்கு என்ன விலை

1955-ல ஷெவர்லே ஒரு புது வி8 இன்ஜின் கொண்டு வந்தாங்க. எட் கோல் தலைமையில உருவானது, 265 கியூபிக் இஞ்ச். ஸ்மால் பிளாக்னு இன்னைக்கும் கொண்டாடுறாங்களே, அதோட முதல் அவதாரம். அதுல ராக்கர் ஆர்ம் எல்லாம் தகட்டை அழுத்தி எடுத்த லேசான துண்டுகள். ஒவ்வொண்ணும் தனித்தனி ஸ்டட்ல உட்காரும். செலவு கம்மி, எடையும் கம்மி. வால்வை அசைக்கிற பாகங்கள் லேசா இருந்தா இன்ஜின் வேகமாச் சுத்தும்னு ஹாட் ராட் பசங்க சீக்கிரமே கண்டுபிடிச்சுட்டாங்க.

1957-ல அதே குடும்பத்துல 283 வந்துச்சு. ஃபியூவல் இன்ஜெக்ஷனோட 283 குதிரைசக்தி, கியூபிக் இஞ்சுக்கு ஒரு குதிரை. பசங்க அதோட சிலிண்டரை 4 இஞ்ச் விட்டத்துக்குப் போர் பண்ணி 301 ஆக்கினாங்க. ஸ்ட்ரோக் மட்டும் அதே 3 இஞ்ச். பத்து வருஷம் கழிச்சு, 1967-ல ஷெவர்லே கம்பெனியே கமாரோ இசட்/28 காருக்கு இதே கணக்குல ஒரு இன்ஜின் போட்டாங்க. 4 இஞ்ச் போர், 3 இஞ்ச் ஸ்ட்ரோக், எட்டு சிலிண்டர். பெருக்கிப் பாத்தா 302 கியூபிக் இஞ்ச். அது டிராக் ரேஸுக்காகப் பிறந்தது இல்ல, டிரான்ஸ்-ஆம்ங்கிற சர்க்யூட் ரேஸ்ல 5 லிட்டர் வரம்பு இருந்ததால பிறந்தது. ஆனா டிராக் ரேஸ்காரங்க அதை விடுவாங்களா?

ஏன் ஸ்ட்ரோக் இவ்வளவு முக்கியம்? ஒரு சுத்துக்குப் பிஸ்டன் ஒரு தடவை மேலே போய் கீழே வரணும். அப்போ 3 இஞ்ச் ஸ்ட்ரோக் உள்ள இன்ஜின்ல 8,000 ஆர்.பி.எம்.ல பிஸ்டனோட சராசரி வேகம் நொடிக்கு 20 மீட்டர். 426 ஹெமியோட ஸ்ட்ரோக் 3.75 இஞ்ச். அதை அதே 8,000-க்குக் கொண்டு போனா நொடிக்கு 25 மீட்டரைத் தாண்டிடும். தெருவுல இருக்கிற ஒரு ஒப்பீடு சொல்றேன். 155 சி.சி. யமஹா ஆர்15-ல ஸ்ட்ரோக் 58.7 மில்லிமீட்டர், உச்ச பவர் 10,000 ஆர்.பி.எம்.ல. அங்கேயும் பிஸ்டன் வேகம் நொடிக்கு 20 மீட்டருக்குக் கொஞ்சம் கீழேதான். உங்க பார்க்கிங்ல நிக்கிற பைக்கும் அந்த 302-ம் பிஸ்டன் வேகத்துல கிட்டத்தட்ட ஒரே இடத்துல நிக்குது. என்ன, இது 1967-ல, எட்டு பெரிய பிஸ்டனோட.

வேகத்தை விட மோசமான விஷயம் முடுக்கம். பிஸ்டன் உச்சிக்குப் போய் நின்னு திரும்பணும் இல்லையா? 302 இன்ஜின்ல 8,000-ல அந்த உச்சியில வர முடுக்கம் புவியீர்ப்பை மாதிரி சுமார் 3,400 மடங்கு. அரைக் கிலோ எடையுள்ள பிஸ்டன் அந்த ஒரு கணம் கனெக்டிங் ராடைப் பிடிச்சு 1.7 டன் விசையில இழுக்கும். இது ஒவ்வொரு சுத்துக்கும். நொடிக்கு 133 தடவை.

அந்த விசை ஆர்.பி.எம்.மோட வர்க்கத்துல ஏறும். 6,000-ல இருந்து 8,000-க்குப் போறது மூணுல ஒரு பங்கு அதிகம்னு தோணும். ஆனா விசை 78 சதவீதம் ஏறிடும். சாஃப்ட்வேர்ல ஓ ஆஃப் என் ஸ்கொயர்னு சொல்வோமே, அதேதான். சின்ன இன்புட் வரைக்கும் தெரியாது, பெருசாகும்போது திடீர்னு எல்லாம் விழுந்துடும்.

ஸ்பிரிங் எப்போ கைவிடும்

பிஸ்டன் உடையுறதுக்கு முன்னாடியே பெரும்பாலும் வேற ஒருத்தர் கைவிட்டுடுவார். வால்வு ஸ்பிரிங்.

கேம் ஷாஃப்ட் வால்வைத் தள்ளித் திறக்கும். ஆனா மூடுறது யாரு? கேம் இல்ல, ஸ்பிரிங்தான். 8,000-ல ஒரு வால்வு நொடிக்கு 66 தடவை திறந்து மூடணும். ஒரு முழுச் சுழற்சிக்கு 15 மில்லிசெகண்ட். உங்க போன் ஸ்கிரீன் 60 ஹெர்ட்ஸ்ல ஓடினா ஒரு ஃபிரேமுக்கே 16.7 மில்லிசெகண்ட். அதாவது ஒரு ஃபிரேம் மாறுறதுக்குள்ள, வால்வு திறந்து, காத்தை விட்டு, மூடி, அடுத்ததுக்குத் தயாராகிடணும்.

ஸ்பிரிங்கால அந்த வேகத்துக்கு ஓட முடியலன்னா, வால்வோட இயக்கம் கேமோட வடிவத்தைப் பின்தொடராது. அந்தரத்துல மிதக்கும். இதுக்குப் பேர் வால்வு ஃப்ளோட். லேசா மிதந்தா பவர் போகும். அதிகமா மிதந்தா மேலே வர பிஸ்டன் திறந்திருக்கிற வால்வுல மோதும். அதோட அந்த இன்ஜின் முடிஞ்சது.

இதுக்கு என்ன பண்ணாங்க? ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரெண்டு ஸ்பிரிங் போட்டாங்க, ஸ்பிரிங் தானா அதிர்றதை அடக்க நடுவுல ஒரு டாம்பர் வச்சாங்க. வால்வு ஸ்பிரிங்கைப் பிடிக்கிற மூடியை டைட்டானியத்துல செஞ்சு எடையைக் குறைச்சாங்க. எண்ணெயில ஓடுற ஹைட்ராலிக் லிஃப்டரைத் தூக்கிட்டு சாலிட் லிஃப்டர் போட்டாங்க. ஹைட்ராலிக்ல ஒரு தொல்லை உண்டு. வால்வு மிதந்து இடைவெளி வந்தா, உடனே எண்ணெய் அந்த இடத்தை நிரப்பிடும். அப்புறம் வால்வு முழுசா மூடாது. சாலிட்ல அந்தப் பிரச்சினை இல்ல. பதிலுக்கு அடிக்கடி இடைவெளியை அளந்து சரி பண்ணணும். ரேஸுக்கு ரேஸ் உட்கார்ந்து ஃபீலர் கேஜ் வச்சு அளக்குறது அவங்களுக்கு வழக்கமான வேலை.

கியர் எங்கே வருது

சரி, மேலே நல்லாச் சுத்துது. கீழே? கீழே அந்த இன்ஜின் சோம்பேறி. அதிக ஆர்.பி.எம்.ல காத்து நிரம்பணும்னா கேம் வால்வை ரொம்ப நேரம் திறந்தே வைக்கும். மெதுவாச் சுத்தும்போது உள்ளே வந்த காத்தே திரும்பி வெளியே போயிடும். பழைய ரேஸ் கார் ஐடிலிங்ல தடக் தடக்னு குலுங்குறதைக் கேட்டிருப்பீங்க. அது இதனாலதான்.

அதனால டிரைவர் கிளம்பும்போதே இன்ஜினை மேல ஏத்தி வச்சு கிளட்சைப் பட்டுனு விடணும். பின்னாடி ஆக்ஸிலில 4.88, 5.13 மாதிரியான குட்டை கியர் போடுவாங்க. இன்ஜின் சுமார் அஞ்சு சுத்து சுத்தினாத்தான் சக்கரம் ஒரு சுத்து சுத்தும். இன்ஜின்ல இருந்த டார்க் சக்கரத்துக்குப் போகும்போது சுமார் அஞ்சு மடங்கு ஆகுது. சின்ன இன்ஜினோட குறையைக் கியர் ஈடு கட்டுது. ஆனா அந்த ஈட்டுக்கு இன்ஜின் சுத்தியாகணும். 30 இஞ்ச் டயரோட மணிக்கு 225 கி.மீ. வேகத்துல ஃபினிஷ் லைனைத் தாண்டுறோம்னு வைங்க. சக்கரம் நிமிஷத்துக்கு 1,570 சுத்து. டாப் கியர் நேரா ஒண்ணுக்கு ஒண்ணா இருந்து ஆக்ஸில் 5.13-ஆ இருந்தா இன்ஜின் 8,050-ல நிக்கும்.

பெரிய இன்ஜின்காரங்களுக்கு இந்தச் சுதந்திரம் இல்ல. அவங்க அவ்வளவு வேகமாச் சுத்த முடியாது, அதனால அவ்வளவு குட்டை கியரும் போட முடியாது.

சிடுமூஞ்சி ஜெயிச்ச வருஷம்

இப்போ ஒரு ஆளை அறிமுகப்படுத்துறேன். பில் ஜென்கின்ஸ். செல்லப் பேர் க்ரம்பி, தமிழ்ல சொன்னா சிடுமூஞ்சி. கார்னெல் பல்கலைக்கழகத்துல மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்து, முடிக்காம வெளியே வந்து, ரேஸ் இன்ஜின் கட்ட ஆரம்பிச்சவர்.

1970-ல என்.எச்.ஆர்.ஏ. ப்ரோ ஸ்டாக்னு ஒரு வகுப்பு தொடங்குச்சு. ஷோரூம் கார் மாதிரியே தெரியணும், உள்ளே ரேஸ் இன்ஜின். கலிஃபோர்னியாவுல பொமோனாவுல நடந்த முதல் போட்டியை ஜென்கின்ஸ் பெரிய இன்ஜின் வச்ச கமாரோவுல ஜெயிச்சார். அடுத்த வருஷம் ஹெமி கார்களோட ராஜ்ஜியம். பாக்குறவங்களுக்கே சலிப்பு தட்டுற அளவுக்கு.

1972-ல விதி மாறுச்சு. சின்ன இன்ஜினுக்கு எடைச் சலுகை. கியூபிக் இஞ்சுக்கு 6.75 பவுண்டு எடை இருந்தாப் போதும். பெரிய இன்ஜினுக்குக் குறைஞ்சது 7. ஜென்கின்ஸ் என்ன பண்ணார்னா, ஷெவர்லே வேகான்னு ஒரு குட்டிக் காரை எடுத்தார். கடையில நாலு சிலிண்டர் இன்ஜினோட விக்கிற சிக்கனக் கார். அதுக்குள்ள 331 ஸ்மால் பிளாக்கை வச்சார். கணக்குப் போட்டா காரோட எடை சுமார் 1,013 கிலோ. 426 ஹெமிக்கு 7 பவுண்டு கணக்கே எடுத்தாலும் 1,353 கிலோ வருது. 340 கிலோ வித்தியாசம். நாலஞ்சு ஆளை இறக்கி விட்ட மாதிரி.

முன்னாடி போட்ட காத்துக் கணக்கை ஞாபகம் வச்சிருக்கீங்களா? 8,500-ல 331-ம், 6,600-ல 426-ம் ஒரே அளவு காத்து. அதே காத்து, ஆனா 340 கிலோ கம்மி. அந்த வருஷம் பொமோனாவுல முதல் போட்டியிலேயே வேகா ஜெயிச்சது. அந்த சீசன்ல தேசியப் போட்டிகள்ல பெரும்பாலானதையும் ஜென்கின்ஸே தட்டிட்டுப் போனார்.

ஏமாத்துனாரா? இல்லவே இல்ல. விதி கொள்ளளவையும் எடையையும் அளந்துச்சு. அவர் ரெண்டுலயும் விதிக்குள்ளதான் இருந்தார். அளக்காத மூணாவது இடத்துல மத்தவங்களை விட நல்லா வேலை செஞ்சார்.

பில்லை யார் கட்டுறது

இங்கே நிறுத்தினா இது வெறும் ஜாலியான கதை. ஆனா ஆர்.பி.எம். இலவசம்னு சொன்னது விதிப் புத்தகத்துல மட்டும்தான்.

இன்ஜினுக்குப் பின்னாடி ஃப்ளைவீலும் கிளட்சும் அதே வேகத்துல சுத்துது. ஒரு தோராயக் கணக்கு: 14 கிலோ எடை, 32 செ.மீ. விட்டம் உள்ள ஒரு வட்டு 9,000 ஆர்.பி.எம்.ல சுத்தினா அதுக்குள்ள சுமார் 80 கிலோஜூல் ஆற்றல் இருக்கும். ஒரு டன் கார் மணிக்கு 45 கி.மீ. வேகத்துல வர ஆற்றலுக்குச் சமம். அந்த வட்டு எங்கே இருக்கு? டிரைவரோட பாதத்துக்குப் பக்கத்துல. தெருக் காருக்காக வார்ப்பிரும்புல செஞ்ச ஃப்ளைவீலை இந்த வேகத்துல சுத்தினா ஒரு நாள் அது சிதறும். சிதறின துண்டு தரைத் தகட்டை, பானெட்டை, கூரையைக் கிழிச்சுக்கிட்டுப் போகும். டிரைவரோட காலும் அந்த வழியிலதான் இருக்கு.

அதனாலதான் ஸ்கேட்டர்ஷீல்டு வந்துச்சு. கிளட்சைச் சுத்தி ஒரு கனமான ஸ்டீல் கூடு. உடைஞ்சா உள்ளேயே உடையணும். வார்ப்பிரும்புக்குப் பதிலா ஸ்டீல் ஃப்ளைவீல் கட்டாயமாச்சு. அப்புறம் எஸ்.எஃப்.ஐ.ன்னு தனிப் பாதுகாப்புத் தரநிலை வந்து, பாகங்கள்ல சான்று ஒட்டி, குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை மறுபடியும் சோதிக்கணும்னு ஆச்சு.

சுத்துற இரும்பு என்ன பண்ணும்ங்கிறதுக்கு டிராக் ரேஸ் உலகம் மறக்காத ஒரு நாள் இருக்கு. 1970 மார்ச் 8, லாங் பீச் பக்கத்துல லயன்ஸ் டிராக் ஸ்டிரிப். டான் கார்லிட்ஸோட கார் கிளம்பின நொடியிலேயே டிரான்ஸ்மிஷன் வெடிச்சுது. கார் ரெண்டாப் போச்சு, அவரோட வலது பாதத்துல ஒரு பகுதி போச்சு. அவர் ஓட்டினது நைட்ரோமீத்தேன்ல ஓடுற டாப் ஃபியூவல் கார், நம்ம ஸ்மால் பிளாக் கதைக்கு வேற உலகம். ஆனா பாடம் ஒண்ணுதான். ஆற்றல் சேர்ந்து கிடக்கிற பாகத்துக்கு மேல மனுஷன் உட்காரக் கூடாது. அடுத்த வருஷம் இன்ஜினை முதுகுக்குப் பின்னாடி வச்ச காரோட வந்து பொமோனாவுல ஜெயிச்சார். சில வருஷத்துல டாப் ஃபியூவல் முழுக்க அந்த வடிவத்துக்கு மாறிடுச்சு.

இன்னைக்கும் இந்தப் பழைய கார்கள் ஓடுது. கலிஃபோர்னியாவுல பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கம் ஃபமோசோவுல மார்ச் மீட்னு 1959-ல ஆரம்பிச்ச கூட்டம் பழைய கார்களுக்குத் திருவிழா மாதிரி. இதுல ஒரு நிஜமான கேள்வி இருக்கு. உலோகத்துக்கு நினைவு உண்டு. ஐம்பது வருஷம் முன்னாடி யாரோ ஒருத்தர் 8,500 வரைக்கும் அடிச்ச கிரேங்க் ஷாஃப்ட்ல ஒரு மயிரிழை விரிசல் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது. காந்தத்தை வச்சு இரும்புத் தூள் தூவிப் பாத்தாத்தான் தெரியும். அசலா இருக்கணும்னு பழைய பாகத்தையே போடறதா, பாதுகாப்புக்குப் புதுசு போடறதான்னு கேட்டா, என் பதில் தெளிவு. வெளியே தெரியுறது பழசா இருக்கட்டும். சுத்துறது புதுசா இருக்கணும்.

லிமிட்டர் எதைக் காப்பாத்தாது

கடைசியா நமக்குப் பக்கத்துல வருவோம். அந்தக் காலத்துல ஆர்.பி.எம். லிமிட்டர்னா டிரைவரோட வலது கால்தான். கியர் மாத்தும்போது ஒரு தடவை விழாமப் போனா, சுமை இல்லாத இன்ஜின் கண் இமைக்கிறதுக்குள்ள வரம்பைத் தாண்டிடும். ஸ்பிரிங் மிதக்கும், வால்வு மோதும். ஒரு சீசன் சம்பாத்தியம் ஒரு தப்பான கியர்ல போயிடும்.

இன்னைக்கு உங்க பைக்ல அது ஒரு சின்ன இஃப் கண்டிஷன். ஆர்.பி.எம். இதைத் தாண்டினா ஸ்பார்க்கையோ பெட்ரோலையோ நிறுத்து. ஆனா ஒண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க. அந்த கோட் இன்ஜின் தானா ஏறுறதைத்தான் தடுக்கும். நீங்க வேகத்துல போகும்போது தப்பா ரெண்டு கியர் இறக்கினா, இன்ஜினைச் சுத்துறது சக்கரம். ஸ்பார்க்கை நிறுத்தி என்ன பிரயோஜனம்? லிமிட்டர் இருக்கிறதால எதுவும் ஆகாதுன்னு நினைக்கிறது வால்வு ஸ்பிரிங்குக்குத் தெரியாது. அதே மாதிரி சிக்னல்ல நியூட்ரல்ல வச்சு லிமிட்டர் வரைக்கும் அடிக்கிறவங்க, வேலையே செய்யாம அந்த வர்க்கக் கணக்கு பில்லைக் கட்டிட்டிருக்காங்க.

அந்த விதிப் புத்தகம் என்ன ஆச்சு? 2016-ல என்.எச்.ஆர்.ஏ. ப்ரோ ஸ்டாக் கார்களுக்கு ஃபியூவல் இன்ஜெக்ஷனைக் கட்டாயமாக்கி, கூடவே 10,500 ஆர்.பி.எம். வரம்பும் போட்டுச்சு. வேகா ஜெயிச்சு 44 வருஷம் கழிச்சு, அந்த மூணாவது எண்ணும் கணக்குக்குள்ள வந்துடுச்சு. அதுவரைக்கும் அதோட விலையை விதி கட்டல. ஸ்பிரிங்கும் ராடும் கிளட்சும், சில நேரம் மனுஷனோட காலும் கட்டுச்சு.

உங்க வேலையிலயும் இப்படி யாரும் அளக்காத ஒரு எண் இருக்கும். டீமோட ராத்திரித் தூக்கமா இருக்கலாம், சர்வரோட சூடா இருக்கலாம். ரிப்போர்ட்ல வராது. ஆனா யாரோ ஒருத்தர் அதைக் கட்டிட்டிருப்பாங்க. அது யாருன்னு ஒரு தடவை பாருங்க.

இந்த எபிசோட் அவ்வளவுதான் மக்களே. அடுத்த வாரம் கியர் பாக்ஸைத் திறந்து பாப்போம். அதுவரைக்கும் ஹெல்மெட் போடுங்க, டவுன்ஷிஃப்ட் பாத்துப் போடுங்க.